இணையதளத்தில் மாடல் படத்தை எடுத்துவிட்டு எங்கள் ஊழியர்களின் படத்தைப் போடலாமா?

கேள்வி: குளிர்பெட்டிக்காரர்

வணக்கம். வீட்டு உபயோக சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி மூன்றும்தான் முக்கிய வேலை. வீடுகளுக்குப் போகிற டெக்னீஷியன்கள் பதினோரு பேர், அலுவலகத்தில் போன் எடுக்கிறவர்கள் மூன்று பேர்.

இணையதளம் செய்து கொடுத்தவர் முகப்பில் விலைக்கு வாங்கிய மாடல் படம் ஒன்றை வைத்திருக்கிறார். மஞ்சள் ஹெல்மெட், மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கையில் பளபளக்கும் ஸ்பேனர். ஃப்ரிட்ஜ் பார்க்கப் போகிற யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. அதே ஆளை வேறு இரண்டு நிறுவனங்களின் பக்கத்திலும் பார்த்தேன். ஒன்றில் அவர் பிளம்பர், இன்னொன்றில் சோலார் பேனல் பொருத்துகிறவர்.

சமீபத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் எங்கள் டெக்னீஷியனை உள்ளே விடவில்லை. கதவுச் சங்கிலியைப் போட்டபடியே அலுவலகத்துக்கு போன் செய்து, வந்திருப்பவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. நாங்கள்தான் அவருக்கு எந்த விவரமும் கொடுத்திருக்கவில்லை. அப்போதிலிருந்து எங்கள் ஆட்களின் படங்களையே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இணையதளக்காரர் ஒரு படி மேலே போய், வாடிக்கையாளரே முகம் பார்த்து டெக்னீஷியனைத் தேர்ந்தெடுக்கும்படி பக்கம் செய்யலாம் என்கிறார்.

என் தொழில் கூட்டாளி வேண்டாம் என்கிறார். போட்டி நிறுவனம் ஆட்களைத் தூக்கிவிடும், நாளைக்கே ஒருவர் வேலையை விட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். டெக்னீஷியன்களில் சிலருக்கும் கூச்சம். போன் எடுக்கிற பெண்களில் ஒருவர் தன் படம் எங்கேயும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உண்மையிலேயே நம்பிக்கை கூடுமா? படம் எப்படி எடுப்பது, என்ன எழுதுவது?

பதில்: நிழற்படக்காரி

சார், பட்டறைகளிலும் சர்வீஸ் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களைப் படமெடுப்பதுதான் என் தொழில். மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம்பிக்கை கூடும். ஆனால் எந்த இடத்தில் கூடும் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைக் கூப்பிடுகிறவருக்கு உங்கள் நிறுவனத்தின் மேல் பெரிய சந்தேகம் இருக்காது. ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருக்கிறது, யாராவது வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பயம் வருவது வாசலில் மணி அடிக்கிற நேரத்தில். வெளியே நிற்பது யார், உள்ளே விடலாமா, வீட்டில் நான் மட்டும்தானே இருக்கிறேன் என்ற யோசனை ஓடுகிற நேரம் அது. அந்த அம்மா சங்கிலியைக் கழற்றாமல் கேட்டதும் அதைத்தான். முகப்புப் பக்கத்தில் எவ்வளவு அழகான படம் இருந்தாலும் அந்த நிமிடத்தில் அவருக்கு அது பயன்படாது.

அதனால் படம் முதலில் போக வேண்டிய இடம் நீங்கள் அனுப்பும் மெசேஜ். இன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று உறுதிசெய்யும்போதே வருகிறவரின் படம், பெயர், என்ன வேலைக்கு வருகிறார் என்ற மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஊபரில் வண்டி கூப்பிட்டால் ஓட்டுநரின் படம், பெயர், வண்டி எண் எல்லாம் வந்துவிடுகின்றன. பார்த்து உறுதி செய்துகொண்டு ஏறுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. உங்களுக்கும் முதல் தேவை அதுதான். இணையதளம் இரண்டாவது.

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் புதியவரின் படத்தோடு இன்னொரு மெசேஜ் போயே ஆக வேண்டும். ஒருவர் முகத்தைக் காட்டிவிட்டு வேறொருவரை வாசலில் நிறுத்துவது, படமே அனுப்பாமல் இருப்பதைவிட மோசம். இதைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஆள் இல்லை என்றால் இந்தத் திட்டத்தையே தள்ளிப்போடுங்கள் என்பேன்.

இணையதளத்தைப் பொறுத்தவரை, பயனர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2010-ல் இதைப் பற்றி எழுதினார். உண்மையான மனிதர்களின் படம், வாங்குகிற பொருளின் படம் இவற்றை மக்கள் நின்று பார்க்கிறார்கள். பக்கத்தை நிரப்புவதற்காக வைத்த பொதுப்படங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறார்கள் என்பது அதன் சாரம். உங்கள் ஹெல்மெட்காரரை யாரும் வெறுக்கவில்லை, யாரும் பார்க்கவே இல்லை.

சரி, படம் எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். எல்லோரையும் ஒரு நாள் வரச்சொல்லி, புதுச் சட்டை கொடுத்து, வெள்ளைத் துணிக்கு முன்னால் கைகட்டி நிற்க வைப்பார்கள். பதினோரு பேரும் ஒரே மாதிரி விறைப்பாக நிற்பார்கள். நிஜ ஆட்களை வைத்தே மாடல் படத்தை மறுபடி எடுத்த கணக்காகிவிடும்.

நான் ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவதே இல்லை. வேலை நடக்கிற இடத்துக்குப் போவேன். முதலில் கேமராவை வெளியே எடுக்காமல் அவர் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவை வாஷிங் மெஷின் பார்க்கிற ஒருவரைப் படமெடுக்கப் போனேன். நடுவயது, அதிகம் பேசாதவர். கேமராவைப் பார்த்ததும் தோள் இரண்டும் மேலே ஏறிவிட்டது. பட்டறையில் ரிப்பேருக்கு வந்த மெஷின் ஒன்று கிடந்தது. இதில் என்ன கோளாறு என்று கேட்டேன். பேசாமல் ஸ்விட்சைப் போட்டுச் சுழலவிட்டார். பக்கத்துத் தகட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அப்புறம் குனிந்து, கண்ணை மூடி, காதை அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டார். சுழற்சி வேகம் ஏற ஏற அவர் புருவம் மெல்லச் சுருங்கியது. "பேரிங் போய்விட்டது, பின்பக்கத்து பேரிங்" என்றார். படம் அந்தச் சுருங்கிய புருவத்தில் இருந்தது. விரல் நகத்தடியில் இருந்த கிரீஸும் படத்தில் விழுந்திருந்தது. அதை அழிக்கலாமா என்று நிறுவனத்தில் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அங்கே போன் செய்கிறவர்கள் "காது வைத்துக் கேட்பாரே, அவரை அனுப்புங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெயர்கூட அவர்களுக்கு நினைவில்லை.

எனக்குத் தெரிந்து வாடிக்கையாளர் படத்தில் தேடுவது அழகான முகத்தை அல்ல. இவருக்கு வேலை தெரியுமா, இவர் கவனமாகச் செய்வாரா என்பதைத்தான். கவனம் முகத்தில் தெரிகிற நேரம் வேலை செய்கிற நேரம். அதனால் சிரிக்கச் சொல்லாதீர்கள். தானாகச் சிரித்தால் எடுத்துக்கொள்ளலாம். நரையைக் கறுப்பாக்காதீர்கள், தோலைப் பளபளப்பாக்காதீர்கள். மெசேஜில் போகிற படத்துக்கு மட்டும் முகம் நேராக, நல்ல வெளிச்சத்தில், தினமும் போடுகிற யூனிஃபார்மோடு தனியாக ஒன்று எடுங்கள். அது அடையாளம் காண. வேலைப்படம் இணையதளத்துக்கு. இரண்டையும் ஒரே படத்தில் சாதிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

எழுத்து விஷயத்தில், "இங்கே வேலை செய்வது எனக்குப் பெருமை" மாதிரியான வரிகளைத் தயவுசெய்து போடாதீர்கள். அதை முதலாளி எழுதினார் என்பது படிக்கிற எவருக்கும் தெரியும். உங்கள் ஆட்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தக் கோளாறு என்றால் உங்களுக்குக் கைவந்த வேலை? வாடிக்கையாளர்கள் எதைச் செய்யாமல் இருந்தால் மெஷின் நீடிக்கும்? வருகிற பதிலைத் திருத்தாமல் போடுங்கள். ஒருவர் எனக்குச் சொன்ன பதில்: "ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை நுழைகிற அளவு இடம் விடுங்கள், பாதி கம்ப்ளெய்ன்ட் வராது." தன் வருமானத்தைக் குறைக்கிற யோசனையைத் தானே சொல்கிற ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்?

பதில்: முன்மேசை

நிழற்படக்காரி சொன்னது எல்லாம் சரி. நான் படத்துக்குள் இருந்தவள் என்ற முறையில் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

முன்பு ஒரு நிறுவனத்தின் வரவேற்பில் இருந்தேன். பெயர் வேண்டாம். விளம்பரத்துக்கு என்று எங்களைப் படமெடுத்தார்கள். எங்கே போடுவீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இணையதளம், துண்டுப் பிரசுரம், அப்புறம் ரோட்டோரப் பெரிய பலகை என்று ஒவ்வொன்றாக வந்தது. பலகையில் என் முழுப்பெயரும் இருந்தது. அந்தப் பெயரை வைத்துத் தேடி என் சொந்தக் கணக்குக்கு ராத்திரி நேரத்தில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார்கள் முன்பின் தெரியாதவர்கள். அங்கே வேலையை விட்டபிறகும் படத்தை எடுக்கவில்லை. அதே துறையில் வேறு இடத்தில் சேர்ந்தேன். "நீங்கள் அவர்கள் ஆள்தானே, இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். புது முதலாளியின் முகம் மாறும். பழைய இடத்துக்கு எழுதினால், அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

உங்கள் அலுவலகத்தில் வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம் ஏன் என்று கேட்காதீர்கள். அவருக்கு ஒரு காரணம் இருக்கும், அதை உங்களிடம் விளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விட்டுப் பிரிந்த கணவர் தேடிக்கொண்டிருக்கலாம். வீட்டில் தெரியாமல் வேலைக்கு வரலாம். எதுவும் இல்லாமல் வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம், அதுவும் போதும். வேண்டாம் என்றவருக்கு முகம் சுளிப்போ, சம்பள உயர்வில் ஓரவஞ்சனையோ வரவே கூடாது. அது வந்தால் மற்றவர்கள் சொன்ன சரிக்கும் அர்த்தம் இல்லாமல் போகும்.

சரி என்கிறவர்களுக்கும் பெயரில் முதல் பாதி போதும். சொந்த போன் எண் எங்கேயும் வேண்டாம். படத்தில் பின்னால் வீட்டு முகவரியோ சொந்த வண்டியின் எண்ணோ தெரிகிறதா என்று ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள்.

பதில்: மனிதவளம்

முன்மேசை சொன்னது மிகப் பழைய வழக்கு, ஆள் மட்டும்தான் புதிது. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை ஒரு மாவு நிறுவனம் அவரைக் கேட்காமலே விளம்பரத் தாளில் அச்சடித்தது. சுமார் 25,000 பிரதிகள் கடைகளிலும் பொது இடங்களிலும் ஒட்டப்பட்டன. அவர் வழக்குப் போட்டார். 1902-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மக்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த ஆண்டே, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்தப் பெண் ஊழியர்கூட இல்லை. ஊழியர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் சம்பளம் கொடுக்கிறவர் கேட்கும்போது முடியாது என்று சொல்வது சுலபமில்லை. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். முதலாளிக்கும் ஊழியருக்கும் நடுவில் பலம் சமமாக இல்லாததால், வேலையிடத்தில் வாங்கிய ஒப்புதலைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது அங்கே உள்ள தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலை.

உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொன்னாலும் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். வேலை நியமனக் கடிதத்துக்குள் ஒரு வரியாக நுழைக்காமல் தனித் தாளில் எழுதுங்கள். எந்தப் படம், எங்கெங்கே, எவ்வளவு காலம், பணம் உண்டா, வேலையை விட்டால் எத்தனை நாளில் எடுக்கப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மெசேஜில் அனுப்பும் அடையாளப் படத்துக்கு ஒரு கையெழுத்து, விளம்பரத்துக்கு வேறு கையெழுத்து. முதலாவதுக்குச் சரி என்கிற பலர் இரண்டாவதுக்குத் தயங்குவார்கள், அது அவர்கள் உரிமை. எடுக்க முடியாத இடத்தில் முதலிலிருந்தே போடாதீர்கள். இணையதளப் படத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியதையும் அச்சடித்துக் கொடுத்ததையும் திரும்ப வாங்க முடியாது.

முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். விருந்தாளியின் மற்ற விவரங்கள் எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. கறுப்பின அமெரிக்கர் என்று தெரிகிற பெயர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் குறைந்தது. 2018-ல் அந்த நிறுவனம், முன்பதிவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விருந்தாளியின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று மாற்றியது. உங்கள் பதினோரு பேரை வரிசையாக நிறுத்தி ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் நிறத்தை வைத்தும் வயதை வைத்தும் பெயரை வைத்தும் தள்ளுவார்கள். சிலருக்கு அழைப்பே வராது, ஏன் என்று அவர்களுக்கும் தெரியவே தெரியாது. கோளாறுக்கு ஏற்ற ஆளை நீங்களே முடிவு செய்யுங்கள், முடிவு செய்த பிறகு முகத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று. உற்சாகத்தில் ஊழியர்களையே நல்ல ரிவ்யூ எழுதச் சொல்லிவிடாதீர்கள். ஊழியர் தன் நிறுவனத்தைப் பாராட்டினால் தான் அங்கே வேலை செய்வதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தன் வழிகாட்டுதல்களில் வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நிஜ முகங்களைக் காட்டுகிற நிறுவனம் பொய்யான வாடிக்கையாளரைக் காட்டினால் முகங்களும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

பதில்: ஸ்பேனர் 17

நான் வீடுகளுக்குப் போகிற டெக்னீஷியன். படம் முன்னாலேயே போய்விட்டால் எனக்கு ரொம்ப உதவி. கதவு திறக்கிறவர் போனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "வாங்க" என்பார். குறுக்கு விசாரணை இல்லை. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. என் படமும் பெயரும் இணையதளத்தில் இருந்தால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனாவது வரலாம். அதனால் மெசேஜில் நாலு இலக்க எண் ஒன்று போகட்டும். வாசலில் அந்த எண்ணை நான் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். அவர் எண்ணைச் சொல்லி நான் தலையாட்டுகிற முறை வேண்டாம், வருகிறவன் தலையாட்டத்தான் செய்வான்.

கூட்டாளியிடம் ஒன்று சொல்லுங்கள். படத்துக்குக் கீழே எத்தனை வருட அனுபவம், என்ன பயிற்சி என்று போடுவதில் கூட்டிப் போடக் கூடாது. ரெண்டு வருட ஆளைப் பத்து வருடம் என்று போட்டால் வீட்டில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

கேள்வி கேட்டவர்: குளிர்பெட்டிக்காரர்

எல்லோருக்கும் நன்றி. முன்மேசை சகோதரி, நீங்கள் எழுதியதை எங்கள் அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்றவரிடம் இனி யாரும் கேட்கமாட்டார்கள். முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தையும் கைவிட்டாயிற்று. ஸ்பேனர் தம்பி சொன்ன எண் முறை அருமை, அதை முதலில் செய்யப்போகிறோம்.

கூட்டாளிதான் இன்னும் இறங்கிவரவில்லை. நன்றாக வேலை செய்கிறவரை முன்னால் நிறுத்தி அவர் போய்விட்டால் வாடிக்கையாளரும் அவரோடு போய்விடுவார்களே என்கிறார். இன்னொரு கேள்வியும் கேட்கிறார்: யாராவது ஒருவர் பெயரைப் போட்டு மோசமான ரிவ்யூ வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: நிழற்படக்காரி

ஒரே முகத்தை முன்னால் நிறுத்தினால் அவர் பயம் நியாயம்தான். பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் வங்கி 2000-ல் விளம்பரத்துக்கு நடிகரைத் தேடாமல் தன் ஊழியர்களிடமே தேர்வு நடத்தியது. பர்மிங்ஹாமில் ஒரு கிளையில் வேலை செய்த ஹாவர்ட் பிரவுன் பாடி ஆடினார். கண்ணாடி போட்ட, சாதாரணத் தோற்றமுள்ள மனிதர். நாடு முழுக்கப் பிரபலமானார், பல வருடம் அந்த வங்கி என்றாலே அவர் முகம்தான் என்று ஆகிவிட்டது. பெரிய வங்கி அதைத் தாங்கும். பதினாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருவரை நட்சத்திரமாக்குவது அவருக்கும் பாரம், மற்றவர்களுக்கும் வருத்தம். சம்மதித்த எல்லோரையும் போடுங்கள், ஒரே அளவில், சேர்ந்த வரிசையில். நேற்று சேர்ந்த உதவியாளர் உட்பட. அப்போது வாடிக்கையாளர் நம்புவது ஒரு தனி ஆளை அல்ல, இங்கே யார் வந்தாலும் பெயரோடும் முகத்தோடும் வருவார் என்ற வழக்கத்தை. ஒருவர் போனால் அந்த வழக்கம் போகாது.

ஆளைத் தூக்கிவிடுவார்கள் என்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நல்ல டெக்னீஷியன் யார் என்று போட்டியாளருக்கு இப்போதே தெரியும். உதிரிபாகக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒருவர் போவதும் இருப்பதும் சம்பளத்தையும் மரியாதையையும் பொறுத்தது. தன் வேலையை முகத்தோடு அங்கீகரிப்பது அந்த மரியாதையில் ஒரு பகுதி என்று பல பட்டறைகளில் பார்த்துவிட்டேன். வீட்டில் குழந்தைகளிடம் காட்ட அந்தப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்காதவர்கள் குறைவு. எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள், வேலையை விட்ட பிறகும் அவர்கள் வைத்துக்கொள்ளும்படி.

உங்கள் கூட்டாளிக்கு இன்னொன்றையும் சொல்லலாம். முகம் காட்டுவதால் மாறுவது வாடிக்கையாளர் மட்டும் இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ரையன் பியூல் குழு ஓர் உணவுக்கூடத்தில் சமையல்காரர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் நடுவில் வீடியோ வைத்துப் பார்த்தது. சாப்பிடுகிறவர்கள் மட்டும் சமையல்காரரைப் பார்த்தபோது திருப்தியில் மாற்றமில்லை. சமையல்காரர்கள் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தபோது திருப்தி 10 சதவீதம் ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபோது 17.3 சதவீதம். எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால் செய்கிற கை மாறுகிறது. அதனால் ஒரு வழிப்பாதையாக வைக்காதீர்கள். டெக்னீஷியனின் பெயர் வாடிக்கையாளருக்குப் போவது போல, வேலை முடிந்தபின் வாடிக்கையாளர் எழுதும் நாலு வரியும் அந்த டெக்னீஷியனுக்கே போகட்டும். பல இடங்களில் பாராட்டு முதலாளியின் போனோடு நின்றுவிடுகிறது.

மோசமான ரிவ்யூ பற்றி. வரத்தான் செய்யும். டோமினோஸ் 2010-ல் அமெரிக்காவில் செய்ததைப் பாருங்கள். பீட்சாவின் அடிப்பகுதி அட்டை மாதிரி இருக்கிறது என்று மக்கள் சொன்னதைத் தங்கள் ஊழியர்களையே கேமரா முன் கேட்க வைத்தார்கள், அந்த முகங்களையே விளம்பரமாகப் போட்டார்கள், செய்முறையை மாற்றினார்கள். அந்த ஆண்டின் முதல் காலாண்டில் அமெரிக்கக் கடைகளின் விற்பனை 14.3 சதவீதம் கூடியது. விளம்பரத்தால் மட்டும் கூடவில்லை, பீட்சாவும் மாறியது. இதில் நான் கவனித்த விஷயம், எந்த ஒரு கடைப் பையனையும் குற்றவாளியாக நிறுத்தவில்லை. நிறுவனமாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுப் புகார் வந்தால் நிறுவனத்தின் பெயரில், உங்கள் கையெழுத்தோடு பதில் எழுதுங்கள். பதிலில் அந்த டெக்னீஷியனின் பெயரைத் திரும்ப எழுத வேண்டாம். என்ன நடந்தது என்று அவரிடம் முதலில் கேளுங்கள், வாடிக்கையாளரிடமும் கேளுங்கள். தவறு இருந்தால் இலவசமாக மறுபடி போய்ச் சரிசெய்யுங்கள், முடிந்தால் அவரையே அனுப்பி. அவசரப்பட்டு இணையதளத்திலிருந்து அவர் படத்தை மட்டும் தூக்காதீர்கள். மற்ற பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த முறை நீங்கள் படத்துக்குக் கூப்பிடும்போது ஒருவரும் வரமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் ஒப்புதல் தாளிலேயே எழுதிவிடுங்கள்: புகார் வந்தால் நிறுவனம் பதில் சொல்லும் என்று ஒரு வரி. மனிதவளம் அந்த வரியை எப்படி எழுதலாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: மனிதவளம்

இப்படி எழுதலாம்: "இந்தப் படமோ பெயரோ வெளியானதன் காரணமாக ஊழியருக்கு வரும் புகார், தொந்தரவு, மிரட்டல் எதுவானாலும் நிறுவனமே பதில் அளிக்கும், ஊழியர் கேட்ட 24 மணி நேரத்துக்குள் படத்தை இணையத்திலிருந்து நீக்கும், நீக்கக் கேட்டதற்காக அவருடைய வேலைக்கோ சம்பளத்துக்கோ எந்தப் பாதிப்பும் இருக்காது." உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். கையெழுத்து போட்ட பிரதி ஒன்று ஊழியரின் கையில் இருக்கட்டும்.